ஜிம் ஸ்டைன்ஸ்: நிற்கத் தெரியாத ரக்மேன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஜிம் ஸ்டைன்ஸ்?

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1966 ஏப்ரல் 23 அன்று பிறந்தவர். பதினெட்டு வயதில் மெல்பர்னுக்கு வந்தார். அதுவரை ஆடியே இராத ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தைக் கற்றுக்கொண்டு, மெல்பர்ன் கிளப்புக்காக 1987 முதல் 1998 வரை 264 ஆட்டங்கள் ஆடினார். 130 கோல்கள் போட்டார். அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தை 1991இல் பெற்றார். ஆடி முடித்த பிறகு இளைஞர்களுக்கான ஓர் அமைப்பை வளர்த்தார், கடனில் மூழ்கிக் கிடந்த தன் பழைய கிளப்புக்குத் தலைவரானார், 2012 மார்ச் 20 அன்று 45 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

ஆனால் மெல்பர்னில் ஐம்பதைத் தாண்டிய யாரிடமாவது இவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பதக்கத்துக்கு முன்னால் அவர்களுக்கு நினைவு வருவது 1987இல் அவர் செய்த ஒரு தவறுதான். அதைப் பற்றிக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

இது என்ன ஆட்டம்? ரக்பியா, சாக்கரா?

இரண்டும் இல்லை. உள்ளூரில் இதை ஃபுட்டி என்பார்கள். நீள்வட்ட மைதானம், நீள்வட்டப் பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எறியக் கூடாது. எதிராளியின் உதையைத்தான் பிடிக்க வேண்டும் என்றில்லை, தன் அணிக்காரர் உதைத்ததையும் பிடிக்கலாம். குறிப்பிட்ட தூரம் பறந்து வந்த உதையைத் தரையில் படாமல் பிடித்துவிட்டால் அதற்கு மார்க் என்று பெயர். பிடித்தவர் நிதானமாக நின்று உதைக்கலாம், யாரும் அவர்மேல் பாய முடியாது. இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டுக்கும் இடையில் உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கவாட்டில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி.

எம்சிஜி, அதாவது மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம் என்றதும் நமக்கு டிசம்பர் 26 அன்று தொடங்கும் டெஸ்ட் போட்டிதான் நினைவுக்கு வரும். மெல்பர்ன்காரர்களுக்கு அது ஆறு மாதம் ஃபுட்டி மைதானம். கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் உடம்பைத் துருப்பிடிக்க விடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஊரில் இந்த ஆட்டத்துக்கு 1859இல் விதி எழுதினார்கள் என்று சொல்வதுண்டு. அப்போது விதி எழுதியதும் ஸ்டைன்ஸ் ஆடிய இதே மெல்பர்ன் கிளப்தான். அதன் தொடக்கம் 1858.

ரக்மேன் என்றால் என்ன வேலை?

நம் ஊர் வாலிபால் களத்தைப் பார்த்திருப்பீர்கள். கைத்தட்டல் முழுவதும் வலைக்கு மேலே எழும்பி அடிப்பவனுக்குப் போகும். அவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்த லிஃப்டரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ரக்மேன் கிட்டத்தட்ட அந்த ஜாதி.

ஸ்டைன்ஸ் ஆடிய காலத்தில், ஆட்டம் தொடங்கும்போதும் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவர் மைதானத்தின் நடுவில் பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பார். அது செங்குத்தாக எழும்பும். இரண்டு அணிகளின் உயரமான ஆளும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஓடிவந்து, ஒருவர்மேல் ஒருவர் முழங்காலும் விலாவும் மோத எழும்பி, பந்தைத் தன் அணியின் சிறிய, வேகமான ஆட்கள் நிற்கும் பக்கமாகத் தட்டிவிடுவார்கள். தட்டிவிட்டவர் கீழே விழுவார். பந்தை எடுத்துக்கொண்டு ஓடியவர் நாளைய செய்தித்தாளில் வருவார். பந்து எல்லைக் கோட்டுக்கு வெளியே போனாலும், ஆட்கள் குவியலாகி நடுவர் ஆட்டத்தை நிறுத்தினாலும் மறுபடியும் இதே வேலை. ஓர் ஆட்டத்தில் பல பத்து முறை இப்படி மோத வேண்டும். ரக்மேன்களின் முழங்கால்கள் இப்படிக் கெட்டுப்போவதைப் பார்த்துத்தான் பிற்காலத்தில் நடுவில் 10 மீட்டர் வட்டம் போட்டு, அதற்கு வெளியிலிருந்து ஓடிவரக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். ஸ்டைன்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இத்தனைக்கும் அவர் காலத்து ரக்மேன் என்றால் பொதுவாக ஒரு கனத்த ஆள். எழும்புவார், மோதுவார், அடுத்த மோதல் நடக்கும் இடத்துக்கு மூச்சு வாங்கியபடி நடந்து போவார். ஸ்டைன்ஸ் இதில்தான் ஒத்துப்போகவில்லை. 199 செ.மீ. உயரம் இருந்தும் அவருக்கு நடக்கத் தெரியவில்லை, ஓடத்தான் தெரிந்திருந்தது.

அயர்லாந்துக்காரர் இதற்குள் எப்படி வந்தார்?

ஒரு செய்தித்தாள் விளம்பரம் வழியாக. 1980களின் தொடக்கத்தில் மெல்பர்ன் கிளப்பின் பயிற்சியாளராக இருந்த ரான் பராஸி ஒரு கணக்குப் போட்டார். அயர்லாந்தில் கேலிக் கால்பந்து என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அதிலும் உயரப் பந்தை எழும்பிப் பிடிக்கிறார்கள், கையிலிருந்து விட்டு உதைக்கிறார்கள், நிற்காமல் ஓடுகிறார்கள். பந்து உருண்டை என்பதும், ஆளைக் கட்டிப்பிடித்து விழத்தாட்ட முடியாது என்பதும்தான் பெரிய வேறுபாடு. அங்கே ஆடுபவர்கள் சம்பளம் வாங்காத அமெச்சூர்கள் வேறு. அப்படியானால் அங்கிருந்து இளைஞர்களைக் கொண்டுவந்து பழக்கினால் என்ன? இதற்கு ஐரிஷ் பரிசோதனை என்றே பெயர் விழுந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்தின் கெர்ரியில் வளர்ந்த ஷான் வைட் முன்னதாகவே அந்த வழியில் வந்து சேர்ந்திருந்தார்.

ஸ்டைன்ஸ் டப்ளினில் பாலிபோடன் செயின்ட் எண்டாஸ் கிளப்பில் கேலிக் ஆடிக்கொண்டிருந்தார். 1984இல் அனைத்து அயர்லாந்து இளையோர் பட்டத்தை வென்ற டப்ளின் அணியில் அவர் இருந்தார். விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தார், தேர்வானார், படிப்புக்கும் உதவி கிடைக்கும் என்பதால் அந்த ஆண்டின் இறுதியில் விமானம் ஏறினார். வீட்டை விட்டு உலகத்தின் மறுமுனைக்குப் போய், பெயர் தெரியாத ஓர் ஆட்டத்தை ஆடுவதற்குப் பதினெட்டு வயதுப் பையனை அனுப்பிவைத்த பெற்றோரை நினைத்தால் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

வந்ததும் ஆடத் தொடங்கிவிட்டாரா?

இல்லை. முதலில் திணறினார். நீள்வட்டப் பந்து தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. சிறு வயதிலிருந்து அதைத் துரத்திய பிள்ளைகளுக்கு அது கண்ணிலும் காலிலும் பதிந்திருக்கும். இவருக்கு எல்லாமே புதிது. 1985இல் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடினார். 1986இல் கிளப் அவரைக் கீழ்நிலை லீக்கான விஎஃப்ஏவில் பிரஹரான் அணிக்கு ஆட அனுப்பியது. அங்கே வாரா வாரம் அடி வாங்கித்தான் ரக்மேன் வேலையைப் படித்தார். அதற்குள் அவரைக் கொண்டுவந்த பராஸியும் போய்விட்டார். புதிய பயிற்சியாளர் ஜான் நார்தி.

1987இல் முதன்மை அணியில் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆஸ்திரேலியா முழுவதும் அவரைத் தெரிந்துவிட்டது. தெரிந்த காரணம்தான் சரியில்லை.

1987இல் அப்படி என்ன நடந்தது?

மெல்பர்ன் கிளப் 1964இல் கோப்பை வென்றது. அதன்பின், பருவ முடிவில் முன்னணி அணிகள் மட்டும் மோதும் இறுதிச் சுற்றுப் பக்கமே 23 ஆண்டுகள் எட்டிப்பார்க்கவில்லை. அணித் தலைவர் ராபர்ட் ஃபிளவர் அந்த வறட்சிக் காலத்தின் முழு உருவம். 1973இல் ஆடத் தொடங்கி, அந்தத் தலைமுறையின் மிக அழகான ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கி, 15ஆவது பருவம் வரை ஒரே ஓர் இறுதிச் சுற்று ஆட்டம்கூட ஆடியதில்லை. 1987இல் அந்தக் கதவு திறந்தது. நார்த் மெல்பர்னை 118 புள்ளி வித்தியாசத்தில் நொறுக்கினார்கள், சிட்னியை 76 புள்ளியில். அடுத்து ஹாதார்ன். வேவர்லி பார்க்கில் நடந்த அந்த ஆட்டத்தில் வென்றால், கோப்பை யாருக்கு என்று முடிவாகும் கிராண்ட் ஃபைனல்.

கடைசி நொடிகளில் மெல்பர்ன் 4 புள்ளி முன்னிலையில் இருந்தது. ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. அதோடு ஆட்டம் முடிந்ததற்கான சங்கும் ஊதிவிட்டது. சங்கு ஊதினாலும் கையிலிருக்கும் உதையை உதைக்க விடுவது விதி. பக்கனாரா நின்ற இடத்திலிருந்து கோல் ஐம்பது மீட்டருக்கும் மேல். களைத்த காலுக்கு அது கடினமான தூரம். மெல்பர்ன் ஆட்கள் பாதி மூச்சை விட்டுவிட்டார்கள்.

அப்போது ஸ்டைன்ஸ் ஓடினார். உதைக்கப்போகிறவருக்கு எதிரே, உதைக்கான இடத்தைக் குறித்தபடி எதிரணியின் ஓர் ஆள் நிற்பார், அவரை மார்க்கில் நிற்பவர் என்பார்கள். இந்த இருவருக்கும் நடுவில் எதிரணிக்காரர் வேறு யாரும் குறுக்கே போகக் கூடாது. தன் பொறுப்பிலிருந்த எதிராளி எங்கோ நகர்கிறான், பந்து அவனுக்குப் போய்விடும், விடக் கூடாது என்ற ஒரே நினைப்பில் ஸ்டைன்ஸ் குறுக்கே பாய்ந்துவிட்டார். நடுவர் 15 மீட்டர் தண்டனை கொடுத்தார். பக்கனாரா 15 மீட்டர் முன்னால் வந்தார். இப்போது அது உதைக்கக்கூடிய தூரம். உதைத்தார், கோல். ஹாதார்ன் 80, மெல்பர்ன் 78.

ஃபிளவருக்கு அதுவே கடைசி ஆட்டம்.

அந்தத் தோல்விக்கு அவர்தான் காரணமா?

அன்றைக்கு ஊரே அப்படித்தான் சொன்னது. அயர்லாந்துப் பையனுக்கு விதி தெரியவில்லை என்றார்கள். கேலிக் கால்பந்தில் மார்க்கில் நிற்பவர் என்ற ஏற்பாடே அன்று இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் மூன்றாவது பருவத்தில் இருந்த ஒருவருக்கு அது சாக்காகாது.

மெல்பர்னின் 78 புள்ளி எப்படி வந்தது என்று பாருங்கள்: 10 கோல், 18 பிஹைண்ட். பதினெட்டு முறை கம்பத்துக்குப் பக்கவாட்டில் அடித்திருக்கிறார்கள். அதில் ஒன்றே ஒன்று நேராகப் போயிருந்தால் 83. பக்கனாராவின் உதை வெறும் ஆறுதலாகியிருக்கும். அந்த ஃப்ரீ கிக்கைக் கொடுக்கவைத்த தவறும் ஸ்டைன்ஸுடையது அன்று. ஆனால் பதினெட்டுத் தவறுகள் பலருக்குப் பங்காகிக் கரைந்துவிட்டன. கடைசித் தவறு மட்டும் ஒருவர் பெயரில் நின்றுவிட்டது. கூட்டுக் குடும்பத்தில் விரிசல் விட்ட பானை கடைசியாக யார் கையில் உடைகிறதோ அவருக்குத்தான் பேச்சு.

ஒரு வேடிக்கை. அடுத்த ஆண்டே, 1988இல், இந்தத் தண்டனைத் தூரத்தை 15 மீட்டரிலிருந்து 50 மீட்டராக உயர்த்தினார்கள்.

அடுத்த ஆண்டு எப்படி?

கிராண்ட் ஃபைனல் வரை போனார்கள். எதிரே அதே ஹாதார்ன். 152க்கு 56. ரக்மேன் குறுக்கே ஓடியிருந்தாலும் ஓடாமலிருந்தாலும் ஒன்றுதான்.

மற்ற ரக்மேன்களிடமிருந்து அவர் எப்படி வேறுபட்டார்?

என் கருத்தில் இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுவே. எழும்பித் தட்டுவதில் ஸ்டைன்ஸைவிடத் திறமையானவர்கள் அவருக்கு முன்னும் இருந்தார்கள், பின்னும் வந்தார்கள். நுணுக்கத்தில் அவர் முதலிடத்துக்காரர் அல்லர். உதையும் பார்க்க அழகாக இருக்காது. பிற்காலத்தில் கற்ற மொழியைப் பேசுவதைப்போல, சரியாக இருக்கும், ஆனால் சொந்த ஊர் வாடை வராது.

தட்டிவிட்ட பிறகு என்ன செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பந்து தன் அணிக்காரரிடம் போனதும் ஸ்டைன்ஸ் அவருக்குப் பக்கத்தில் ஓடத் தொடங்குவார். அவர் நெருக்கடியில் மாட்டினால் முஷ்டியால் குத்தி அனுப்ப ஓர் ஆள் தயார். பந்து எதிரணியிடம் போனாலோ, தங்கள் தற்காப்புப் பக்கமாகத் திரும்பி ஓடி, நீண்ட உதை வந்து விழும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்று மார்க் பிடிப்பார். எதிரணி ரக்மேன் அவரைத் துரத்த வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். துரத்தினால் மூன்றாம் காற்பகுதியில் அவருக்கு மூச்சு நின்றுவிடும். விட்டுவிட்டால் மெல்பர்னுக்கு நடுக்களத்தில் ஓர் ஆள் கூடுதல். ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு நடுக்கள வீரர்!

இது யாரும் அமர்ந்து திட்டமிட்ட உத்தி என்று நான் நினைக்கவில்லை. கேலிக் கால்பந்தில் நின்றால் ஆட்டம் கைவிட்டுப் போய்விடும். அந்தப் பழக்கம் காலிலேயே இருந்தது. 1987இல் குறுக்கே பாயவைத்ததும் அதே பழக்கம்தான். தன் ஆளை விடக் கூடாது, நிற்கக் கூடாது. வேறொருவராக இருந்தால் அந்தத் தோல்விக்குப் பிறகு எச்சரிக்கையாகி, நின்று ஆடக் கற்றிருப்பார். இவர் ஓட்டத்தைக் கூட்டினார். இன்று ரக்மேன் என்றால் நாள் முழுக்க ஓட வேண்டும் என்பது எல்லா அணிகளிலும் எழுதப்படாத விதி.

பிரவுன்லோ பதக்கம் அவ்வளவு பெரிதா?

1924 முதல் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் களத்திலிருந்த நடுவர்கள் கூடி, சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று வாக்களிப்பார்கள். பருவம் முடிந்தபின் ஒரு பெரிய விருந்தில் ஒவ்வொரு சுற்றாக வாசித்து எண்ணுவார்கள். முறைகேடாக ஆடித் தடை வாங்கியவருக்குத் தகுதி கிடையாது. பதக்கத்தின் இலக்கணமே சிறந்தவராகவும் நேர்மையானவராகவும் இருக்க வேண்டும் என்பதுதான்.

1991இல் ஸ்டைன்ஸ் 25 வாக்குகள் பெற்றார். அதே ஆண்டு ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் சிறந்த வீரர் விருதும் அவருக்கே வந்தது. இந்த ஆட்டமே இல்லாத ஒரு நாட்டில் வளர்ந்து, வயது வந்தபின் கற்றுக்கொண்டு, இந்தப் பதக்கத்தை வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அடுத்த ஆண்டு இன்னொரு ரக்மேன், ஸ்காட் வின்ட், வென்றார். அதன்பின் வாக்குகள் பெரும்பாலும் நடுக்களச் சிறு உருவங்களுக்கே போய்க்கொண்டிருக்கின்றன. லிஃப்டருக்குக் கைத்தட்டல் கிடைக்காது என்று மேலே சொன்னேனே, அதேதான்.

கிளப்பின் சிறந்த வீரர் விருதை அவர் 1991, 1995, 1996, 1997 என நான்கு முறை பெற்றார். ஆண்டின் சிறந்த கற்பனை அணியான ஆல் ஆஸ்திரேலியனில் 1991இலும் 1993இலும் இடம்பிடித்தார். கடைசி மூன்று கிளப் விருதுகள் வந்த வயதைக் கவனியுங்கள். முப்பதை ஒட்டி, ரக்மேன்களின் முழங்கால் விடைபெறும் வயது அது.

244 என்ற எண்ணை அடிக்கடி சொல்கிறார்களே?

ஒரே ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் அவர் தொடர்ச்சியாக ஆடிய ஆட்டங்கள் 244. 1987இல் தொடங்கி 1998 வரை. அதற்கு முன் அந்தச் சாதனை ரிச்மண்ட் அணியின் ஜாக் டைட்டஸிடம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்தது. டைட்டஸ் கோல் முனையில் ஆடியவர். வாரா வாரம் இன்னொரு நூறு கிலோ ஆளோடு ஆகாயத்தில் மோதும் வேலையில் இருந்துகொண்டு பதினோரு ஆண்டுகள் ஒரு வாரமும் விடுப்பு எடுக்காமலிருப்பது வேறு ரகம். காயமே படாமல் இருந்தார் என்று பொருளில்லை, காயத்தோடு ஆடினார் என்றே பொருள். இன்றைய மருத்துவக் குழுக்கள் அதை அனுமதிக்குமா என்பது ஐயமே. அனுமதிக்காமலிருப்பதே சரி என்றும் சொல்வேன்.

1998இல் கை எலும்பு முறிந்து அந்தத் தொடர் நின்றது. 2025இல் காலிங்வுட் அணியின் ஜாக் கிரிஸ்ப் 244ஐத் தாண்டினார். கிரிஸ்ப் ரக்மேன் அல்லர்.

கோப்பை வென்றிருக்கிறாரா?

இல்லை. 1988தான் அவர் ஆடிய ஒரே கிராண்ட் ஃபைனல்.

எப்போது ஓய்வு பெற்றார்?

1998 பருவத்தின் முடிவில், 32 வயதில். கை ஆறியபின் திரும்பி வந்து அந்த ஆண்டின் இறுதிச் சுற்றிலும் ஆடிவிட்டே போனார். 2003இல் ஆஸ்திரேலியக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவும் அயர்லாந்தும் இரு ஆட்டங்களின் விதிகளையும் கலந்து ஆடும் சர்வதேசத் தொடரில் சிறந்த ஆஸ்திரேலியருக்குக் கொடுக்கும் பதக்கத்துக்கு அவர் பெயர்தான். டப்ளின்காரர் பெயரில் ஆஸ்திரேலியருக்குப் பதக்கம்!

ரீச் என்பது என்ன?

ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1994இல், திரைப்பட இயக்குநர் பால் கர்ரியுடன் சேர்ந்து அவர் தொடங்கிய இளைஞர் அமைப்பு. பதின்வயதுப் பிள்ளைகளை ஓர் அறையில் உட்காரவைத்து, மனத்தில் இருப்பதை ஒருவர் முன் ஒருவர் பேசவைப்பதுதான் அதன் அடிப்படை. பேசவைப்பவர்களும் ஏறத்தாழ அதே வயதுக்காரர்கள். பெரியவர் மேடையேறி அறிவுரை சொல்லும் ஏற்பாடு இல்லை.

பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் விளையாட்டு வீரர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ஸ்டைன்ஸ் ஆசிரியப் படிப்பு முடித்தவர், அந்த அறைகளில் தானே உட்கார்ந்தவர். பேச்சுக்கு அவர் எடுத்துக்கொண்ட முதல் சரக்கு எது என்று ஊகிக்கலாம். ஒரு லட்சம் பேர் கொள்ளும் மைதானங்களில் ஆடுகிற ஒருவர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானத்தைத் தயங்காமல் எடுத்துப் பேசும்போது, கணக்குத் தேர்வில் தோற்ற பையனுக்கும் வாய் திறக்கும். 2001இலும் 2003இலும் விக்டோரியா மாநிலத்தின் ஆண்டின் சிறந்த மனிதராக அவரை அறிவித்தார்கள். 2007இல் ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா பதக்கம் வந்தது. மூன்றும் பந்துக்காகக் கிடைத்தவை அல்ல.

கிளப்புக்கு ஏன் தலைவரானார்?

2008இல் மெல்பர்ன் கிளப்பின் நிலை இதுதான்: பட்டியலில் கடைசி இடம், தலைக்குமேல் சுமார் 50 லட்சம் டாலர் கடன். நாட்டின் மிகப் பழைய கால்பந்து கிளப் கதவை மூடிவிடுமோ என்று வெளிப்படையாகவே பேசினார்கள். அந்தச் சமயத்தில் யாரும் விரும்பி ஏற்காத தலைவர் பதவியை ஸ்டைன்ஸ் ஏற்றார். இரவு விருந்துகள், நன்கொடைகள், உறுதிமொழிகள் என்று கடனைத் தகர்க்கும் இயக்கம் ஒன்றை நடத்தினார். பணக்கார ஆதரவாளர்களிடம் கையேந்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. 2010 ஆகஸ்டில் கடன் தீர்ந்தது என்று அறிவித்தார்கள்.

களத்தில் கதை வேறு. அணி தோற்றுக்கொண்டே இருந்தது. 2011இல் ஜீலாங்கிடம் 186 புள்ளியில் தோற்ற மறுநாளே பயிற்சியாளர் டீன் பெய்லியை நீக்கினார்கள்.

அவர் தலைமைக் காலத்தில் ஒரு சர்ச்சை இருந்ததாமே?

இருந்தது, மறைப்பதற்கில்லை. கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கு அடுத்த ஆண்டின் இளம் வீரர்களில் முதல் தேர்வு கிடைக்கும். 2009இல் அதற்காகவே மெல்பர்ன் சில ஆட்டங்களில் வேண்டுமென்றே தோற்றதா என்று லீக் நிர்வாகம் பின்னாளில் விசாரித்தது. 2013இல் வந்த முடிவு விசித்திரமானது. வேண்டுமென்றே தோற்றதாக நிறுவப்படவில்லை என்றார்கள், ஆனாலும் கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதம் போட்டு, பெய்லிக்கும் கால்பந்து மேலாளராக இருந்த கிறிஸ் கானலிக்கும் தடை விதித்தார்கள். அப்போது ஸ்டைன்ஸ் உயிரோடு இல்லை. தலைவர் மீது குற்றம் எதுவும் சுமத்தப்படவில்லை. என்றாலும் அந்த 2009ஐ அவருடைய காலத்திலிருந்து கத்தரித்துவிட்டுப் பேசுவது சரியாகாது.

அவருக்கு என்ன நோய்?

மெலனோமா, தோலில் தொடங்கும் புற்றுநோய். முதுகில் ஒரு கட்டியாகத் தெரியவந்தபோதே அது உடலுக்குள் பரவியிருந்தது. 2009 ஜூலையில் தானே செய்தியாளர்கள் முன் வந்து அறிவித்தார். பிறகு மூளைக்கும் பரவியது. பல அறுவை சிகிச்சைகள். இதற்கிடையிலும் தலைவர் நாற்காலியில் 2012 பிப்ரவரி வரை இருந்தார். கடன் தீர்ந்த அறிவிப்பும் நோயின் நடுவில் வந்ததுதான். மார்ச் 20 அன்று இறந்தார். ஒரு வாரம் கழித்து செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் எதிரே ஃபெடரேஷன் சதுக்கத்துப் பெரிய திரையில் பார்த்தார்கள்.

அவருக்குப் பின் அயர்லாந்திலிருந்து யாராவது வந்தார்களா?

நிறையப் பேர். 2005இல் சிட்னியின் டைக் கெனலி கோப்பை வென்ற முதல் அயர்லாந்துக்காரரானார். ஸ்டைன்ஸுக்குக் கிட்டாதது அது. ஜீலாங்கின் சாக் டூஹி 2022இல் கோப்பை வென்று, பிறகு ஸ்டைன்ஸின் 264ஐயும் தாண்டி 288 ஆட்டங்களில் நிறுத்தினார். ஆனால் இவர்கள் தற்காப்புப் பக்கத்திலிருந்து பந்தோடு புறப்படும் ஓட்டக்காரர்கள். டப்ளினிலிருந்து வந்து ரக்மேனாகி நாட்டின் சிறந்த வீரரானவர் இன்னொருவர் வரவில்லை.

மெல்பர்ன் அணி பிறகு கோப்பை வென்றதா?

2021 செப்டம்பர் 25 அன்று, 57 ஆண்டுகளுக்குப் பிறகு. பெருந்தொற்றால் அந்தக் கிராண்ட் ஃபைனல் எம்சிஜியில் நடக்காமல் பெர்த்தில் நடந்தது. வெஸ்டர்ன் புல்டாக்ஸை 74 புள்ளியில் வென்றார்கள். கோப்பையைத் தூக்கிய அணித் தலைவர் மேக்ஸ் கான், ஒரு ரக்மேன். அவர் சட்டையில் இருந்த எண் 11. ஸ்டைன்ஸ் அணிந்த அதே எண். கான் ஆடத் தொடங்கிய 2011இல் கிளப்பின் தலைவராக இருந்தவர் ஸ்டைன்ஸ்தான்.

மெல்பர்ன் போனால் எதைப் பார்க்கலாம்?

எம்சிஜிக்கு வெளியே, ஜோலிமான்ட் ரயில் நிலையப் பக்கத்திலிருந்து மைதானத்துக்கு நடந்துவரும் பாதையில் வெண்கலச் சிலைகள் வரிசையாக நிற்கும். ஷேன் வார்ன் பந்து வீசிக்கொண்டிருப்பார், நம்மவர்கள் அங்கேதான் படம் எடுத்துக்கொள்வார்கள். அதே வரிசையில் ஸ்டைன்ஸும் இருக்கிறார். டிக்கெட் வேண்டாம். டாக்லேண்ட்ஸ் பக்கம் யாரா ஆற்றங்கரையில் அவர் பெயரில் ஒரு பாலமும் உண்டு. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டுமான பாலம், வண்டி போகாது. மேலே வாகனங்கள் போகும் பெரிய பாலம் தனியாக இருப்பதால் தெரியாதவர்கள் அதைக் கவனிக்காமலே போய்விடுவார்கள். நகர மையத்திலிருந்து ஆற்றின் வடகரையை ஒட்டியே மேற்கே நடந்தால் தானாக வந்துவிடும்.